‘லெட்’ என்ற சொல்லுக்கு நான் எழுதிய அர்த்தம்

போன ஆனி மாதம், சாரல் பிடித்த ஒரு நாளில், என்னைப் பார்க்க இரண்டு பேர் தென்காசிக்கு வந்திருந்தார்கள். இருவரும் கோர்ட்டு மொழிபெயர்ப்பு வேலையில் இருப்பவர்கள். நான் ஓய்வு பெற்ற பிறகு சேர்ந்தவர்கள். இனிமேல் காகிதங்கள் எல்லாம் தமிழிலேயே நடக்கப்போகின்றனவாம். அதற்காக ஆங்கிலச் சட்டச் சொற்களுக்கு ஒரு கைப்புத்தகம் தயாரிக்கிறார்கள். முன்னுரையில் சேர்க்க, கேட்டால் வேடிக்கையாக இருக்கும் சொற்கள் சிலவற்றை நான் சொல்ல வேண்டும் என்று கேட்டார்கள்.

சொன்னேன். ‘கல்ப்ரிட்’ என்று குற்றவாளியைச் சொல்கிறோம். அது சொல்லே அல்ல. அந்தக் காலத்து இங்கிலாந்துக் கோர்ட்டில், கைதி ‘நான் குற்றம் செய்யவில்லை’ என்றதும், குமாஸ்தா எழுந்து பிரெஞ்சில் ‘குற்றவாளிதான், நிரூபிக்கத் தயார்’ என்று பதில் சொல்வாராம். அதை ஏட்டில் எழுதும்போது கை வலிக்கிறதென்று இரண்டு துண்டாகச் சுருக்கி எழுதினார்கள். பின்னால் வந்தவர்கள் அந்தச் சுருக்கத்தையே ஒரு சொல்லாகச் சேர்த்து வாசித்துவிட்டார்கள். ஒரு குமாஸ்தாவின் சோம்பல், உலகத்துக் கைதிகளுக்கெல்லாம் பெயராகிவிட்டது. வாரிசில்லாத சொத்து சர்க்காரைச் சேர்வதற்கு ‘எஸ்சீட்’ என்று பெயர். அதை வசூலிக்கப் போன அதிகாரிகள் செய்த அக்கிரமத்தில்தான் ஏமாற்றுவதற்கு ‘சீட்’ என்ற சொல் வந்தது. யுத்த காலத்தில் எல்லோரும் கேள்விப்பட்ட ‘கர்ஃப்யூ’வுக்கு அடுப்புத் தீயை மூடு என்று அர்த்தம், மணி அடித்ததும் வீட்டு நெருப்பை மூட வேண்டும் என்று பழைய பட்டணங்களில் உத்தரவு இருந்தது. ‘நைஸ்’ என்று இப்போது எதற்கெடுத்தாலும் சொல்கிறார்களே, அதற்கு ஒரு காலத்தில் அறிவில்லாதவன் என்று பொருள்.

வந்தவர்கள் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார்கள். போகும்போது ஒருவர் மட்டும், உங்களை மிகவும் கஷ்டப்படுத்தின சொல் எது என்று கேட்டார். ‘டியோடண்ட்’ என்றேன். ஒரு வண்டி ஏறி ஆள் செத்துப்போனால் அந்த வண்டியையே குற்றவாளியாக்கி, கடவுளுக்குக் கொடுத்தது என்று சர்க்கார் எடுத்துக்கொள்ளும் பழைய வழக்கத்துக்கு அந்தப் பெயர் என்று விளக்கி அனுப்பிவிட்டேன்.

நான் சொன்னது பொய். அந்தச் சொல்லை என் வேலையில் ஒரு தடவைகூட மொழிபெயர்த்ததில்லை. என்னைக் கஷ்டப்படுத்தின சொல் ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து. இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். அதைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

நான் கீழப்பாவூர்க்காரன். வீட்டில் நெல் விவசாயம். திருநெல்வேலியில் இண்டர்மீடியட் வரை படித்தேன். மேலே படிக்க வசதியில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் மொழிபெயர்ப்புப் பிரிவில் கடைசி ஆளாகச் சேர்ந்தேன். எந்தக் கோர்ட்டு என்று எழுதப்போவதில்லை. தவறு என்னுடையது, கட்டடத்தினுடையது அல்ல. முதல் நான்கு வருஷம் நோட்டீசும் சம்மனும் நகல் எடுத்ததில் போயிற்று. பிறகுதான் பத்திரங்களைத் தொட விட்டார்கள்.

எங்கள் தலைமை மொழிபெயர்ப்பாளர் வேதமாணிக்கம். பாளையங்கோட்டைக்காரர். ஒல்லியான மனிதர், கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டு. யாரையும் திட்டமாட்டார். அதுதான் எங்களுக்குத் தொல்லை. நாங்கள் எழுதிக் கொண்டுபோய் வைத்ததை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை உதடு அசையாமல் வாசிப்பார். தவறு இருந்தால் அந்தச் சொல்லுக்குக் கீழே பென்சிலால் ஒரு புள்ளி வைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார். என்ன தவறு என்று சொல்லமாட்டார். கேட்டால், “பாரும்வே” என்பார். அவ்வளவுதான். ஒரு புள்ளிக்காக அகராதியோடு அரை நாள் மல்லுக்கட்டி இருக்கிறேன். அடுத்த மேஜைக்காரர்கள் என் காகிதத்தை எட்டிப் பார்த்து எத்தனை புள்ளி என்று எண்ணுவார்கள். எனக்கு உள்ளுக்குள் எரியும்.

ஆனால் மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவிட்டால் அவர் வேறு மனிதர். ரசத்தை ஊற்றிக்கொண்டே, துரைமார் ஓட்டலில் ‘மல்லிகட்டானி’ என்று ஒரு சூப்பு கொடுக்கிறானே, அது நம் மிளகுதண்ணி கப்பலேறிப் போய்த் தொப்பி வைத்துக்கொண்டு திரும்பி வந்தது என்பார். ‘செரூட்’ நம் சுருட்டு. ‘அலிபி’ என்றால் லத்தீனில் வேறிடம், அவ்வளவுதான், அதில் தந்திரம் ஒன்றும் கிடையாது என்பார். கைப்புத்தகத்துக்காக வந்தவர்களிடம் நான் பெருமையாகச் சொன்னதெல்லாம் அவருடைய டப்பாவிலிருந்து வந்தவை.

வேலைக்கு ஒரு முறை வைத்திருந்தார். தாளை நீளவாக்கில் மடிக்க வேண்டும். இடது பக்கம் மூலத்தின் நகல், வலது பக்கம் மொழிபெயர்ப்பு. சந்தேகமான சொல்லுக்குக் கீழே சிவப்பு மசிக் கோடு. எழுதி முடித்ததும் ஒருவர் மூலத்தை உரக்க வாசிக்க, மற்றவர் மொழிபெயர்ப்பில் விரலை ஓட்டிக்கொண்டு வர வேண்டும். ஐம்பது வருஷத்துக்கு மேல் பழைய ஆங்கிலக் காகிதம் என்றால் அவர் கண்ணில் படாமல் வெளியே போகக் கூடாது. அதற்குப் பிறகுதான் ‘மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்து. இந்தக் கடைசி விதியை நான் ஒரே ஒரு தடவைதான் மீறினேன்.

குற்றாலத்துக்குக் கீழே, மலையடிவாரத்தில், ஒரு பழைய ஜாதிக்காய்த் தோட்டம் இருந்தது. அப்போதைக்கு எழுபது எண்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரருக்குச் சொந்தமாக இருந்தது; பிறகு பல கை மாறியது. தோட்டத்துக்குக் கீழே இருபது இருபத்தைந்து வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பு. அவர்களுடைய வயலுக்குத் தண்ணீர் தரும் வாய்க்கால், தோட்டத்தின் மேல்கோடியில் ஓடையிலிருந்து பிரிகிறது. அங்கே ஒரு மடை. சாரல் காலத்தில் கல்லும் சருகும் வந்து அடைத்துக்கொள்ளும். தினமும் ஆள் போய் வாரிவிட்டால்தான் தண்ணீர் இறங்கும். மடைக்குப் போகத் தோட்டத்தின் நடுவே ஒற்றையடிப் பாதை. தலைமுறை தலைமுறையாக அதில்தான் போய்வந்தார்கள்.

தோட்டத்தைப் புதிதாக வாங்கியவர் சுற்றிலும் முள்வேலி போட்டுக் கதவைப் பூட்டினார். அந்த வருஷம் கார் நடவு காய்ந்துபோயிற்று. குடியிருப்பார் தாவா போட்டார்கள். முன்னால் நின்றவர் சுடலைமுத்து. நாற்பது வயதிருக்கும், நிதானமாகப் பேசுகிறவர். அவருடைய தகப்பனார் பேச்சிமுத்துதான் முக்கிய சாட்சி. தடி ஊன்றிக்கொண்டு வந்தார். அவர்களிடம் ஒரு காகிதம் இருந்தது. பேச்சிமுத்துவின் தகப்பனார் முன்னின்று பேசி அந்த வெள்ளைக்காரரிடம் எழுதி வாங்கியது. வாய்க்காலை வெட்டும்போது குடியிருப்பார் எல்லோரும் கூலி வாங்காமல் ஒரு கோடை முழுக்க மண் சுமந்தார்களாம். அதற்குப் பதிலாக, மடைக்குப் போக உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் என்றைக்கும் வழி உண்டு என்று துரை எழுதிக் கொடுத்ததாக அவர்கள் வீட்டில் சொல்லி வந்தார்கள். ஒருவருக்கும் அதை வாசிக்கத் தெரியாது. மூங்கில் குழாயில் போட்டு, உத்தரத்தில் கட்டி வைத்திருந்தார்கள்.

அந்தக் காகிதம் என் மேஜைக்கு வந்தது. பாதிக்கு மேல் கரையான் தின்றிருந்தது. மிச்சம் இருந்ததில் முழுதாக நின்றது ஒரே வாக்கியம். கையெழுத்துப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்த பிறகு சொற்கள் எல்லாம் எளியவை. மேற்படி குடியிருப்பாரும் அவர்களுடைய சந்ததியாரும் தோட்டத்தின் வழியே மடைக்குப் போவதில், ‘ஷல் நாட் பி லெட்’. ‘லெட்’டுக்குப் பின்னால் ‘இன்’ என்றும் இருந்தது. லெட் என்றால் விடு. லெட் இன் என்றால் உள்ளே விடு. ஆக, உள்ளே விடப்படமாட்டார்கள்.

வாக்கியம் கொஞ்சம் நொண்டியது. அதை நான் கவனித்தேன், இல்லை என்று சொல்லமாட்டேன். ‘இன்’, ‘போவதில்’ என்பதன் ‘இல்’லாக, அடுத்த சொற்களோடு ஒட்டிக்கொள்ளப் பார்த்தது. யாரையும் உள்ளே விடமாட்டேன் என்று ஒருவன் எழுதி, அதை அவர்களிடமே எதற்குக் கொடுப்பான் என்றும் ஒரு கணம் தோன்றியது. வேதமாணிக்கம் மூன்று நாள் லீவில் ஊருக்குப் போயிருந்தார். வழக்கை விசாரித்த முன்சீப் மறுநாளே வேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார். தலைமை மொழிபெயர்ப்பாளர் வந்து பார்க்க வேண்டும், இரண்டு நாள் பொறுக்க வேண்டும் என்று நான் எழுதியிருக்கலாம். அதற்கு விதி இருந்தது. ஆனால் அவர் இல்லாமல் ஒரு பழைய காகிதத்தை நானே முடித்துக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. நொண்டின வாக்கியத்தை நான் தமிழில் நேராக நடக்க வைத்தேன். ‘மேற்படியார் தோட்டத்தின் வழியே மடைக்குப் போக உள்ளே விடப்படமாட்டார்கள்’. சிவப்புக் கோடு போடவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் கோர்ட்டில் அதை என்னையே வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். எதிர்த்தரப்பு வக்கீல் தலையை நிமிர்த்தினார். குடியிருப்பாரின் வக்கீல் என் கையிலிருந்து தாளை வாங்கி இரண்டு முறை பார்த்தார். அந்தக் கையெழுத்தோடு மல்லுக்கட்டாமல், கட்சிக்காரர் பேச்சை நம்பிக் காகிதத்தைத் தாக்கல் செய்தவர் அவர்; முகம் செத்துவிட்டது. முன்சீப் மூலத்தை வாங்கி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, ஆமாம், லெட் இன் என்றுதான் இருக்கிறது என்றார். அவருக்கும் அந்த மூன்றெழுத்து தெரிந்த சொல்தானே.

பேச்சிமுத்து கூண்டில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு விஷயம் மெதுவாகத்தான் புரிந்தது. முன்சீப்பைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

“அப்படி இருக்காதுய்யா. எங்கய்யா எங்கிட்ட அப்படிச் சொல்லல. இன்னொருக்கப் பாருங்க.”

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆங்கிலம் அறியாத மனிதர், கோர்ட்டு முன்னால், என் மொழிபெயர்ப்பைச் சரியில்லை என்கிறார். முன்சீப் என்னிடம், இன்னொரு முறை பார்க்க வேண்டுமா என்று கேட்டார். நான் பார்க்காமலே, சரியாக இருக்கிறது என்றேன்.

தாவா தள்ளுபடி ஆனது. வழக்கமாகப் போய்வந்தார்களே என்ற வாதமும் எடுபடவில்லை. உரிமை இல்லை என்று அவர்கள் கையில் இருந்த காகிதமே சொல்வதால், இத்தனை காலம் போய்வந்தது தோட்டக்காரரின் தயவு, உரிமை ஆகாது என்று தீர்ப்பு. வேதமாணிக்கம் லீவு முடிந்து வந்தார். அந்த மூன்று நாளில் என்ன போயிற்று என்று கேட்டார். சில்லறைக் காகிதங்கள் என்று சொன்னேன்.

அடுத்த வருஷம் ஆடி மாதம். சீசனுக்கு அதிகாரிகள் குற்றாலத்தில் முகாம் போட்டிருந்தார்கள். ஒரு மொழிபெயர்ப்பை ஒரு துரையிடம் நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவர என்னை அனுப்பினார்கள். பங்களாவுக்குப் பின்னால் டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்தார். ஆட்டம் முடியட்டும் என்று ஓரமாக நின்றேன். நாற்காலியில் ஒரு வயதான வெள்ளைக்கார அம்மாள், மடியில் குடையோடு. பெண்கள் பள்ளி ஒன்றில் முப்பது வருஷமாகப் பாடம் நடத்துகிறவர். தமிழ் நன்றாகப் பேசுவார். ஆட்டத்தைத் தொடங்கத் துரை அடித்த பந்து வலையின் மேல் விளிம்பில் பட்டு அந்தப் பக்கம் விழுந்தது. ‘லெட்’ என்று அம்மாள் சொன்னார். துரை மறுபடியும் அடித்தார். கொஞ்ச நேரத்தில் இன்னொரு தடவை அப்படியே.

விழுந்த பந்தை விட்டுவிடு என்கிறார்களா, இன்னொரு முறை அடிக்க விடு என்கிறார்களா என்று எனக்கு விளங்கவில்லை. வேதமாணிக்கத்தின் டப்பாவுக்குப் போட்டியாக ஒரு சொல் கிடைத்தது என்ற சந்தோஷத்தில்தான் கேட்டேன்.

“அது விடு என்கிற லெட் அல்ல” என்றார் அம்மாள். “அது வேறே சொல். தடை என்று அர்த்தம். வலை பந்துக்குத் தடை செய்தது, ஆகையினால் திரும்ப அடிக்க வேண்டும். பழைய நாளில் இரண்டு சொல்லும் வேறே வேறே மாதிரி இருந்தன. பிற்பாடு ஒன்று போலவே ஆகிவிட்டன. எங்கள் பழைய வேதாகமத்தில் தடுக்கிறதற்கு அந்தச் சொல்தான் வரும். இப்போது ஒருவரும் அப்படிப் பேசுகிறதில்லை.”

சாரல் விழுந்துகொண்டிருந்தது. எனக்கு வேர்த்தது. ஒருவரைப் பற்றி, இந்த வழியே போவதில் ‘ஷல் நாட் பி லெட்’ என்று எழுதியிருந்தால் என்ன அர்த்தம் என்று கேட்டேன். அம்மாள் யோசிக்கவே இல்லை. தடுக்கப்படக் கூடாது, என்றார்.

அங்கிருந்து தென்காசி வரை நடந்தே வந்தேன். வழியில்தான் இன்னொன்று உறைத்தது. விற்கிற பத்திரம் எதை எடுத்தாலும் ‘வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்’ என்று ஒரு வரி வரும். ‘யாதொரு தடையும் இடையூறுமின்றி’ என்று நூறு பத்திரத்தில் நானே எழுதியிருக்கிறேன். இரண்டு சொல்லையும் ஒரே கட்டாகத் தூக்கி ஒரே கட்டாக வைத்தேனே தவிர, அங்கே லெட் என்ன செய்கிறது என்று ஒருநாளும் பிரித்துப் பார்க்கவில்லை. அர்த்தம் என் கையிலேயே இருந்திருக்கிறது.

இதுவரை நடந்தது தவறு. இதற்கு மேல் நான் செய்ததற்கு வேறு பெயர்.

தெரிந்த வக்கீல் ஒருவரிடம், யாருக்கோ நடந்ததுபோலக் கேட்டேன். மொழிபெயர்த்தவரே தவறு என்று அஃபிடவிட் கொடுத்தால் தீர்ப்பை மறுபடியும் பார்க்கச் சொல்லி மனுப் போடலாம், காலதாமதத்தையும் ஒப்புக்கொள்வார்கள், ஆனால் சீக்கிரம் செய்ய வேண்டும் என்றார். அஃபிடவிட் என்ற சொல்லுக்கு ‘அவன் சத்தியம் செய்திருக்கிறான்’ என்று லத்தீனில் அர்த்தம். நான் செய்யவில்லை. வேதமாணிக்கம் தை மாதம் ஓய்வு பெறுவதாக இருந்தார். அதற்குள் வரிசையில் நான்தான் அடுத்தவன்; அவருடைய இடம் எனக்கு வரவேண்டியது. விதியை மீறிக் கையெழுத்துப் போட்டேன் என்று நானே எழுதிக் கொடுத்தால் வராது. நியமன உத்தரவு கைக்கு வந்ததும் மறுநாளே கொடுத்துவிடுவேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஐந்து மாதம்தானே, நிலம் எங்கே போய்விடப்போகிறது என்று.

ஆவணியில் தென்காசிக் கடைத்தெருவில் சுடலைமுத்து எதிரே வந்தார். நான் ஒதுங்குவதற்குள் பார்த்துவிட்டார். என் மேல் அவருக்கு வருத்தம் எதுவும் இல்லை. காகிதத்தில் இருந்ததை வாசித்தவன், அவ்வளவுதானே. மரியாதையாக நின்று, கோர்ட்டில் கொடுத்த அந்தக் காகிதத்தைத் திரும்ப வாங்க வழி உண்டா என்று கேட்டார். எதற்கு என்றேன்.

“எங்கய்யா கேக்காவ. தன் கையாலே கிழிச்சுப் போடணுங்காவ.”

மனுப் போட்டால் கிடைக்கும் என்று சொன்னேன். எந்த ஜன்னலில் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னேன். சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

தை பிறந்து உத்தரவு வந்தது. வேதமாணிக்கம் ஓய்வு பெறுவதற்கு முந்தின நாள், மற்றவர்கள் போன பிறகு, அவர் மேஜைக்கு எதிரில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். வாக்கியத்தை நான் ஆங்கிலத்தில் சொல்லி முடிப்பதற்கு முன்பே அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

“இந்தச் சொல்லை நான் வேதக்கோயில்லே இங்கிலீஷ் வேதாகமத்துலே வாசிச்சிருக்கேன்வே” என்றார். “எங்கிட்ட ஒரு நிமிஷம் காட்டியிருந்தா...” கண்ணாடியை மேஜைமேல் வைத்தார். பிறகு, “எப்பத் தெரிஞ்சுது?” என்று கேட்டார்.

ஆடியிலே என்றேன். சுவரில் தொங்கின காலண்டரைத் திரும்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் போலிருந்தது. “எங்கிட்டச் சொல்லி என்னத்துக்கு. அந்த ஆளுகிட்டப் போய்ச் சொல்லும்” என்றார். மறுநாள் பிரிவுபசாரத்தில் எல்லோருக்கும் கை கொடுத்தார். என் முறை வந்தபோது கோட்டுப் பொத்தானைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

அஃபிடவிட்டை எழுதி எடுத்துக்கொண்டு அந்த ஞாயிற்றுக்கிழமை குடியிருப்புக்குப் போனேன். பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. முள்வேலி கீழே இறங்கி வந்து வயல்களையும் சேர்த்து வளைத்திருந்தது. இரண்டாம் போகமும் காய்ந்த பிறகு ஒவ்வொருவராக நிலத்தைத் தோட்டக்காரருக்கே கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள் என்று, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் சொன்னாள். சுடலைமுத்து குடும்பம் புளியறைப் பக்கம் என்றாள்.

அப்போது செங்கோட்டையும் புளியறையும் திருவிதாங்கூர் சீமை. ரயிலில் செங்கோட்டை போய், அங்கிருந்து மாட்டுவண்டி பிடித்துப் போனேன். மலையேறும் வண்டிகள் நிற்கிற இடத்தில் சுடலைமுத்து மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி மாடத்தி பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சுடலைமுத்து துண்டால் ஒரு கல்லைத் தட்டிவிட்டு உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

நடந்ததைச் சொன்னேன். அந்தக் காகிதத்தில் தடுக்கப்படக் கூடாது என்று இருந்தது. நான் விடக்கூடாது என்று வாசித்துவிட்டேன். அவருக்கு உடனே பிடிபடவில்லை. ஒரே சொல்லுக்கு எப்படி இரண்டு அர்த்தம், அதுவும் ஒன்றுக்கொன்று நேர் எதிராக, என்று கேட்டார். டென்னிஸ் பந்தைப் பற்றி அவரிடம் சொல்லிக்கொண்டு நின்றேன். சொல்லச் சொல்ல எனக்கே அது கேவலமாக இருந்தது.

“சரியா என்ன எழுதியிருக்குன்னு வாசிங்க” என்றார். அதை எழுதி வைத்திருந்த அஃபிடவிட்டைப் பிரித்தேன்.

வாசித்தேன். மேற்படி குடியிருப்பாரும் அவர்களுடைய சந்ததியாரும் தோட்டத்தின் வழியே மடைக்குப் போவதில் தடுக்கப்படமாட்டார்கள். மாடத்தியைக் கூப்பிட்டு நிறுத்தி, இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். அந்த அம்மாள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அழுதார்.

“எங்கய்யா கார்த்திகையிலே தவறிட்டாவ” என்றார் சுடலைமுத்து. “கடேசி மூணு நாளும் அவுக அய்யாவைத்தான் ஏசிக்கிட்டுக் கெடந்தாவ. சும்மா மண்ணு சொமக்க வச்சு ஊரை ஏமாத்திட்டான், துரைகிட்ட வித்துட்டான்னு. ஊர்ல எல்லாரும் அப்படித்தான் பேசினாவ. எங்களை ஒரு நல்லது பொல்லாததுக்குக் கூப்புடல.”

மூட்டைக் கயிற்றை இறுக்கிக் கட்டினார். பிறகு வேதமாணிக்கம் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார்: எனக்கு எப்போது தெரிந்தது? ஆடியில் என்றேன். பொய் சொல்ல அப்போதும் இடம் இருந்தது. அந்த ஒரு இடத்தில் மட்டும் சொல்லவில்லை.

“ஆவணியிலே உங்களைக் கடைத்தெருவுலே பாத்தேன்லா?”

“ஆமா” என்றேன்.

அவர் குரல் உயரவில்லை. என் சட்டையைப் பிடிக்கவில்லை. அஃபிடவிட்டை நீட்டினேன், மனுப் போடலாம், என் செலவில் வக்கீல் வைக்கிறேன் என்றேன். நிலமே கைமாறிய பிறகு வழியை வாங்கி என்ன செய்வது என்று கேட்டார்.  அந்தத் தாளை வாங்கி மடித்து மாடத்தியிடம் கொடுத்தார்.

“எங்க தாத்தாவை ஏசினவுகள்லே மூணு குடும்பம் இங்கனதான் இருக்கு. அவுகளுக்கும் வாசிச்சுச் சொல்லிட்டுப் போங்க” என்றார்.

போனேன். மாடத்தியிடமிருந்து அந்தத் தாளை வாங்கிக்கொண்டு அவர் முன்னால் நடந்தார், நான் பின்னால். முதல் வீட்டில் இரண்டு சகோதரர்கள். கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். இரண்டாவது வீட்டில் ஒருவர், எழுதினவன் தப்பா, வாசிச்சவன் தப்பா என்று கேட்டார். வாசித்தவன் என்றேன். மூன்றாவது வீட்டுக்காரர் படுத்த படுக்கையாக இருந்தார், காது மந்தம். அவர் காதருகே குனிந்து, சத்தமாக, நான்கு முறை வாசித்தேன். நான்காவது முறைதான் விளங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். “சாகுமுன்னே பேச்சிமுத்துக்குத் தெரிஞ்சுதா?” என்று கேட்டார். சுடலைமுத்து இல்லை என்று கையை அசைத்தார். அவர் மறுபடியும் படுத்துவிட்டார்.

வண்டி வரைக்கும் சுடலைமுத்து கூட வந்தார். நான் ஏறி உட்கார்ந்ததும், தணிந்த குரலில், ஏதோ வழி சொல்கிறவரைப் போல, “இனிமே இங்கன வரவேண்டாம்யா” என்றார்.

அதற்குப் பிறகு பல வருஷம் தலைமை மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். எனக்குக் கீழே இருந்தவர்கள் எழுதியதற்குப் பென்சிலால் புள்ளி வைத்தேன். நல்ல பெயரோடு ஓய்வு பெற்றேன். புளியறைப் பக்கமாகக் கொல்லம் போகிற ரயிலில் உறவினர் கல்யாணத்துக்குப் போக வேண்டி வந்தபோதெல்லாம் உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கிறேன். கைப்புத்தகம் தயாரிக்கிறவர்கள் என்னிடம் கேட்ட சொல்லை இப்போது எழுதிவிட்டேன். அதற்கு நேரே இரண்டு அர்த்தத்தையும் போடட்டும். விருப்பப்பட்டால் என் பெயரையும் போடட்டும்.